டீ விலை குறைஞ்சும் ஏன் கடல்ல கொட்டுனாங்க? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகருக்கு, "அமெரிக்காவுல குடியேறினவங்க பிரிட்டனை விட்டுப் பிரிஞ்சதுக்கு வரிச்சுமை மட்டும் காரணம் இல்ல"ன்னு ரெண்டே வரில பதில் சொல்லியிருந்தேன். அதுக்கு அப்புறம் மெயில்லயும் வாட்ஸ்அப்லயும் இதைப் பத்தியே கேள்வி மேல கேள்வி. 1776ல இருந்து எண்ணினா 2026ல 250 வருஷம் ஆகுது, அதனால இந்த வாரப் பக்கம் முழுசையும் இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: ஸ்கூல் புக்ல "பிரிட்டன் கடுமையா வரி போட்டுச்சு, புரட்சி வந்துச்சு"ன்னு முடிச்சுட்டாங்க. நெஜமாவே தாங்க முடியாத வரியா அது? – கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: அப்படிச் சொல்ல முடியாதும்மா. அந்தக் காலத்துல லண்டன்ல இருந்த சாதாரண ஆளு கட்டின வரியைப் பாத்தா, பாஸ்டன்லயும் பிலடெல்பியாவுலயும் இருந்தவங்க கட்டினது ரொம்பக் கம்மி. இதை முதல்ல மனசுல வாங்கிக்கணும், காசு பாரம் தாங்காமத்தான் கிளம்பினாங்கன்னு நெனச்சுட்டா அடுத்தடுத்து நடந்த எதுவுமே பிடிபடாது.

1754ல இருந்து 1763 வரைக்கும் வட அமெரிக்காவுல பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் பெரிய சண்டை. பிரிட்டன் ஜெயிச்சுச்சு, கனடா கைக்கு வந்துச்சு, ஆனா அரசாங்கத்தோட கடன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா ஏறிப்போச்சு. போதாததுக்கு, பிடிச்ச இடத்தைக் காக்க சுமார் 10,000 சிப்பாய்களை அங்கேயே நிறுத்தணும்னும் முடிவு பண்ணாங்க. இந்த செலவுல ஒரு பங்கை குடியேறினவங்க குடுத்தா என்னன்னு பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் கேட்டாரு, அவங்களைக் காப்பாத்தத்தானே இவ்ளோ செலவு பண்ணோம்னு லண்டன்ல எல்லாருக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. குடியேறினவங்க பக்கம் போய்ப் பாத்தா வேற மாதிரி இருக்கு. அந்த சண்டைல அவங்க புள்ளைங்களும் செத்திருக்காங்க, அவங்க சட்டசபைகளும் பணம் ஒதுக்கியிருக்கு, இப்ப பிரெஞ்சுக்காரனும் போயாச்சு, இனிமே இவ்ளோ பட்டாளம் எதுக்கு, யாரைக் கண்காணிக்கன்னு சந்தேகம் வந்துருச்சு. அதே 1763 அக்டோபர்ல அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாதுன்னு ராஜா அறிவிப்பு போட்டாரு, அந்தப் பக்கத்து நிலத்து மேல கண்ணு வச்சிருந்தவங்களுக்கு, வாஷிங்டனையும் சேர்த்துத்தான் சொல்றேன், அது பெரிய எரிச்சல்.

1764ல வந்த சட்டத்தைப் பாருங்க. ரம் காய்ச்ச தேவைப்படுற மொலாசஸுக்கு (கரும்புச் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சற பாகு) ஒரு கேலனுக்கு 6 பென்ஸா இருந்த வரியை 3 பென்ஸா குறைச்சாங்க. பாதியா குறைச்சும் ஜனங்க கொதிச்சாங்க, ஏன்னா பழைய 6 பென்ஸை கடத்தலும் லஞ்சமுமா யாருமே ஒழுங்கா கட்டல, இந்த 3 பென்ஸை நெஜமாவே வசூல் பண்ண ஆள் போட்டாங்க, மாட்டினவன் மேல உள்ளூர் ஜூரி (தீர்ப்பு சொல்ற சாதாரண ஊர்க்காரங்க) இல்லாத கடற்படை கோர்ட்ல கேஸ் நடத்த வழி பண்ணாங்க. ஜூரி இல்லாம விசாரணைங்கறது இங்கிலீஷ்காரனா பொறந்தவனுக்கு ரோஷம் வர்ற விஷயம்.

அப்புறம் 1765ல ஸ்டாம்ப் சட்டம். நியூஸ்பேப்பர், பத்திரம், கோர்ட் பேப்பர், பஞ்சாங்கம், காலேஜ் பட்டம்னு எல்லாத்துக்கும் முத்திரை போட்ட காகிதம் வாங்கணும், சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங், தாயக்கட்டைக்கு 10 ஷில்லிங். அதுவும் உள்ளூர் காகிதப் பணம் செல்லாது, பிரிட்டிஷ் பணமான ஸ்டெர்லிங்ல கட்டணும், அந்த ஊர்ல அது கிடைக்கறதே கஷ்டம். பத்திரிகை நடத்துறவன், வக்கீல், சாராயக்கடைக்காரன், இந்த மூணு பேரையும் ஒரே நேரத்துல தொட்டுட்டாங்க, ஊர்ல சேதி பரவுறதே இவங்க மூலமாத்தான். 1765 நவம்பர் 1ஆம் தேதி சட்டம் அமலுக்கு வர வேண்டிய நாள்ல ஸ்டாம்ப் விக்க ஒத்துக்கிட்டவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாருமே பயத்துல ராஜினாமா பண்ணியிருந்தாங்க.

இதுக்கெல்லாம் அடியில இருக்கற விஷயம் என்னன்னா, வர்ஜீனியாவுல 1619லயே சட்டசபை கூடியாச்சு. உள்ளூர் வரியை உள்ளூர் சபைதான் போடும், செலவையும் அதுவே தீர்மானிக்கும்னு தலைமுறை தலைமுறையா பழகிட்டாங்க. லண்டன் பார்லிமெண்ட் கடல் வாணிபத்தை ஒழுங்குபடுத்தும், அதுக்குன்னு சுங்கம் போடும், அதை ஒத்துக்கிட்டாங்க. ஆனா வருமானத்துக்காக நேரா பாக்கெட்ல கை வைக்கறது இதான் முதல் தடவை. இன்னிக்கு சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங்னு ஒத்துக்கிட்டா நாளைக்கு எதுக்கு வேணா எவ்வளவு வேணா போடலாம், கேக்க நமக்கு வழி இருக்காதுன்னு பயந்தாங்க. எனக்கு அந்த பயம் நியாயமாத்தான் தெரியுது.

கேள்வி: பார்லிமெண்ட்ல பத்து சீட்டு குடுத்திருந்தா பிரச்சனை முடிஞ்சிருக்குமே, பிரிட்டன் ஏன் அதைச் செய்யல? – ஓய்வு பெற்ற பேங்க் ஊழியர், சேலம்

பதில்: முடிஞ்சிருக்காது சார். "பிரதிநிதித்துவம் இல்லாம வரி இல்ல"ங்கற கோஷத்தைக் கேட்டா சீட்டு கேக்கற மாதிரிதான் இருக்கும், ஆனா 1765 அக்டோபர்ல நியூயார்க்ல ஒன்பது காலனிகளோட (அங்க பிரிட்டனுக்குக் கீழ இருந்த குடியேற்ற மாகாணங்க) ஆளுங்க கூடிப் போட்ட தீர்மானத்துலயே, நாங்க அந்த சபைல பிரதிநிதித்துவம் பெறல, எங்க இருப்பிடத்தை வச்சுப் பாத்தா பெறவும் முடியாதுன்னு தெளிவா எழுதியிருக்காங்க. கப்பல்ல போகவே ஒன்றரை ரெண்டு மாசம் ஆகற தூரம், காத்து சரியில்லன்னா இன்னும் கூட. அங்க பத்து பேர் போய் உக்காந்தாலும் 500 பேருக்கு மேல இருக்கற சபைல ஓட்டுல தோத்துட்டுத்தான் வரணும், அப்புறம் "உங்க ஆளும்தானே இருந்தாரு"ன்னு சொல்லி வரி போட்டுருவாங்க. அவங்க கேட்டது, எங்க சபை போடற வரிதான் எங்களுக்கு வரிங்கறது.

பிரிட்டன் தரப்புக்கும் ஒரு வாதம் இருந்துச்சு. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் எம்பி கிடையாது, ஆளே இல்லாத ஓல்ட் சாரம்ங்கற மேட்டுக்கு ரெண்டு எம்பி இருக்காங்க, ஒவ்வொரு எம்பியும் சாம்ராஜ்யம் முழுசுக்கும்தான் பிரதிநிதின்னாங்க. மேரிலாண்ட் வக்கீல் டேனியல் டுலானி இதுக்குக் குடுத்த பதில்தான் என்னைக் கேட்டா மொத்த சர்ச்சைலயும் கூர்மையானது. மான்செஸ்டர்காரன் மேல விழற வரி அதைப் போடற எம்பி மேலயும் விழும், அதனால யோசிச்சுத்தான் போடுவாரு. அமெரிக்கா மேல போடற வரி அவரைத் தொடாது, சொல்லப்போனா அங்க எவ்வளவு கூடுதலா வசூல் ஆகுதோ அவ்வளவு இவரோட சொந்த பாரம் குறையும். ஹோட்டல்ல ஒரு டேபிள்காரங்க கூடிப் பேசி, நம்ம பில்லையும் பக்கத்து டேபிளே கட்டட்டும்னு கை தூக்கி முடிவு பண்ற மாதிரி.

கேள்வி: ஸ்டாம்ப் சட்டத்தை 1766லயே ரத்து பண்ணிட்டாங்களே, அப்புறமும் எதுக்கு சண்டை வளர்ந்துச்சு? – இல்லத்தரசி, மதுரை

பதில்: ரத்து பண்ண அதே நாள்ல இன்னொரு சட்டமும் போட்டாங்கம்மா, காலனிகளை எந்த விஷயத்துலயும் கட்டுப்படுத்துற சட்டம் போட பார்லிமெண்டுக்கு முழு அதிகாரம் உண்டுன்னு. ரத்தான சந்தோஷத்துல ஊரெல்லாம் விளக்கேத்திக் கொண்டாடினப்ப நிறைய பேர் அதைப் பெருசா எடுத்துக்கல. அடுத்த வருஷமே, 1767ல, நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்ட் கண்ணாடி, காகிதம், பெயிண்ட், ஈயம், டீ, இந்த அஞ்சுக்கும் சுங்கம் போட்டாரு. நேர் வரின்னாதானே கத்துறீங்க, இது துறைமுகத்துல போடற சுங்கம்னு அவர் கணக்கு.

இதுல பெருசா யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கு, நான் இந்தப் பக்கத்துல எதையாவது அழுத்திச் சொல்லணும்னா அதைத்தான் சொல்வேன். வசூலான காசு எங்க போகும்? கவர்னர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் குடுக்க. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா காலனி சட்டசபைங்க கைல இருந்த ஒரே கடிவாளம் அந்த சம்பளம்தான். கவர்னரை அனுப்பறது ராஜா, சம்பளம் குடுக்கறது உள்ளூர் சபை, அதனால கவர்னர் ரொம்ப முறைச்சுக்க முடியாது. மாசசூசெட்ஸ்ல 1728ல வில்லியம் பர்னெட்னு ஒரு கவர்னர் வந்தாரு, எனக்கு வருஷத்துக்கு இவ்வளவுன்னு நிரந்தரமா நிர்ணயிச்சு சட்டம் போடுங்கன்னாரு. சபை என்ன பண்ணுச்சுன்னா, மொத்தமா பணம் தரோம், வேணும்னா நீங்க கேக்கறதை விடக் கூடவே தரோம், ஆனா நிரந்தரம்னு எழுதித் தர மாட்டோம்னு நின்னுச்சு. அவரும் விடல, சபையை பாஸ்டன்ல இருந்து சேலத்துக்கு மாத்தினாரு (அங்கயும் சேலம்னு ஒரு ஊர் இருக்கு), ஒண்ணும் நடக்கல, அடுத்த வருஷம் செத்தே போனாரு, சபை கடைசி வரைக்கும் இறங்கி வரல. அப்படிக் கட்டிக் காத்த அதிகாரத்தை டவுன்ஷெண்ட் ஒரு சட்டத்துல பறிக்கப் பாத்தாரு. சம்பளம் லண்டன் வசூல்ல இருந்து வந்தா கவர்னர் சபையைக் கூட்டவே தேவையில்ல, நீதிபதி உள்ளூர்க்காரனுக்கு பயப்படவே தேவையில்ல.

1772ல மாசசூசெட்ஸ் மேல்கோர்ட் நீதிபதிங்களுக்கு இனிமே சுங்கப் பணத்துல இருந்துதான் சம்பளம்னு சேதி வந்தப்பதான் சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன்ல கடிதக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. ஊருக்கு ஊர் லெட்டர் எழுதி, இங்க இது நடக்குது, உங்க ஊர்ல என்ன நினைக்கறீங்கன்னு கேக்கறதுதான் வேலை. எங்கயோ மலையடிவாரத்துல பன்னி வளர்த்துட்டு இருந்த விவசாயிக்கும் நீதிபதி சம்பளத்துக்கும் உள்ள சம்பந்தம் புரிய ஆரம்பிச்சது அதனாலதான். துப்பாக்கி வெடிக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இந்தப் பின்னல் தயாராயிடுச்சு.

உங்க மாதிரி வீட்டைப் பாத்துக்கற பெண்களோட பங்கையும் சொல்லணும். இங்கிலாந்து சாமானே வேண்டாம்னு வியாபாரிங்க கையெழுத்துப் போட்டா மட்டும் போதாதே, வீட்ல வாங்காம இருக்கணும். பெண்கள் கூட்டமா ஒரு இடத்துல உக்காந்து விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் ராட்டைல நூல் நூத்து, அந்த முரட்டுத் துணியைப் பெருமையா உடுத்தினாங்க, டீக்கு பதிலா காபியும் மூலிகைக் கஷாயமும் குடிச்சாங்க. இறக்குமதி விழுந்ததும் லண்டன் வியாபாரிங்களே அலற ஆரம்பிச்சாங்க.

கேள்வி: பாஸ்டன் படுகொலைன்னு சொல்றாங்களே, எத்தனை ஆயிரம் பேர் செத்தாங்க? – பிளஸ் டூ மாணவன், தர்மபுரி

பதில்: அஞ்சு பேர் தம்பி. 1768 அக்டோபர்ல ராணுவத்தை பாஸ்டன்ல இறக்கினாங்க, 15,000 சொச்சம் ஜனம் இருந்த ஊர்ல தெருவுக்குத் தெரு சிவப்புக் கோட்டு. டியூட்டி இல்லாத நேரத்துல சிப்பாய்ங்க கம்மிக் கூலிக்கு வேலைக்குப் போனாங்க, உள்ளூர் தொழிலாளிக்கு வயித்துல அடி. 1770 மார்ச் 2ஆம் தேதி ஒரு கயிறு திரிக்கற பட்டறைல கைகலப்பு ஆச்சு, 5ஆம் தேதி ராத்திரி சுங்க ஆபீஸ் வாசல்ல கூட்டம் பனிக்கட்டியை எறிய, சிப்பாய்ங்க சுட்டுட்டாங்க. செத்தவங்கள்ல கிறிஸ்பஸ் அட்டக்ஸ்னு ஒருத்தர், கறுப்பின வம்சாவளி, கப்பல் தொழிலாளி.

சுட்ட சிப்பாய்ங்களுக்காக கோர்ட்ல வாதாடினது ஜான் ஆடம்ஸ், பின்னாடி அமெரிக்காவோட ரெண்டாவது ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். கேப்டன் விடுதலை, எட்டு சிப்பாய்ல ஆறு பேர் விடுதலை, ரெண்டு பேருக்கு கட்டை விரல்ல சூடு. கொதிச்சுப் போயிருந்த ஊர்ல அப்படி ஒரு தீர்ப்பு வந்ததை நான் ரொம்ப மதிக்கிறேன்.

கேள்வி: பாஸ்டன் தேநீர் விருந்து பத்தி விளக்கமா சொல்லுங்க. டீ விலையை ஏத்துனதாலதானே கடல்ல கொட்டுனாங்க? – டீக்கடை உரிமையாளர், திண்டுக்கல்

பதில்: விலை இறங்கிச்சுங்க அண்ணே. இதான் எல்லாருக்கும் குழப்பம்.

டவுன்ஷெண்ட் போட்ட அஞ்சு வரியில நாலை 1770ல எடுத்துட்டாங்க, டீக்கு மட்டும் ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸை விட்டு வச்சாங்க, பார்லிமெண்டுக்கு அதிகாரம் இருக்குன்னு காட்ட. ஜனங்க டச்சுக்காரங்ககிட்ட இருந்து கடத்தி வந்த டீயைக் குடிச்சுட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல கிழக்கிந்தியக் கம்பெனி திவாலாகற நிலைமைக்கு வந்துருச்சு. 1770ல வங்காளத்துல பெரும் பஞ்சம், மூணுல ஒரு பங்கு ஜனம் செத்ததா அந்தக் காலத்துலயே கணக்கு சொன்னாங்க, அந்தப் பஞ்சத்துலயும் வரி வசூலை நிறுத்தாத கம்பெனி, கடன்ல மூழ்கி அரசாங்கத்துகிட்ட 14 லட்சம் பவுண்டு கடன் வாங்குச்சு. லண்டன் கிடங்குகள்ல விக்காத டீ கிட்டத்தட்ட 1 கோடியே 70 லட்சம் பவுண்டு எடை தேங்கிக் கிடந்துச்சு, எல்லாம் சீனாவுல வாங்கினது, இந்தியாவுல அப்ப டீத் தோட்டமே இல்ல.

1773 மே மாசம் வந்த சட்டப்படி, கம்பெனி இங்கிலாந்துல கட்ட வேண்டிய சுங்கம் தள்ளுபடி, இடையில ஏலம், மொத்த வியாபாரி யாரும் வேண்டாம், தான் பொறுக்கின ஏஜெண்ட் மூலமா நேரா அமெரிக்காவுல விக்கலாம். கடத்தல் டீயை விட விலை குறையும். ஆனா அந்த 3 பென்ஸ் மட்டும் அப்படியே இருக்கும். மலிவா கிடைக்குதேன்னு வாங்கிக் குடிச்சா வரியை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அந்தக் காசு கவர்னர் சம்பளத்துக்குப் போயிடும். இன்னிக்கு டீ வியாபாரத்தை ஒரே கம்பெனிக்குக் குடுத்தவன் நாளைக்கு துணி, மசாலான்னு எல்லாத்தையும் குடுப்பான்னு உள்ளூர் வியாபாரிங்களும் மிரண்டாங்க. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் டிக்கின்சன், ஆசியாவுல இந்தக் கம்பெனி என்ன பண்ணுச்சுன்னு பாருங்க, பஞ்சத்துல லட்சக்கணக்கான பேர் செத்தாங்க, இப்ப நம்ம பக்கம் திரும்புதுன்னு எழுதினாரு. வங்காளத்துல செத்தவங்களோட சேதி பாஸ்டன் கோவத்துல கலந்திருக்குங்கறதைப் படிச்சப்ப எனக்கு மனசு கலங்கிருச்சு.

பிலடெல்பியாவுலயும் நியூயார்க்லயும் டீக்கப்பலைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பாஸ்டன்ல கவர்னர் தாமஸ் ஹட்சின்சன் விடல, ஏஜெண்டுகள்ல ரெண்டு பேர் அவரோட மகன்கள். டார்ட்மவுத்ங்கற கப்பல் நவம்பர் 28ஆம் தேதி வந்துச்சு, 20 நாளுக்குள்ள சுங்கம் கட்டலன்னா சரக்கை சுங்கத்துறையே எடுத்துக்கும், எடுத்தா எப்படியும் வித்துருவாங்க. கெடு முடியறதுக்கு முந்தின நாள், டிசம்பர் 16, ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸ்ல சுமார் 5,000 பேர் கூடிட்டாங்க, கப்பல் ஓனரையே குதிரைல கவர்னர் வீட்டுக்கு அனுப்பினாங்க, திரும்பிப் போக பெர்மிட் குடுங்கன்னு. அவர் இருட்டின பிறகு வெறும் கையோட வந்தாரு.

அன்னிக்கு ராத்திரி முகத்துல கரியைப் பூசி மோஹாக் பூர்வகுடிங்க மாதிரி வேஷம் போட்டவங்க கிரிஃபின் துறைக்குப் போய் மூணு கப்பல்லயும் ஏறி, 342 பெட்டியைக் கோடாலியால பொளந்து கொட்டினாங்க. 40 டன்னுக்கு மேல, மதிப்பு 9,659 பவுண்டு. அப்ப வத்தம், தண்ணி கம்மி, அதனால டீத்தூள் கப்பல் ஓரத்துலயே வைக்கோல் போர் கணக்கா குவிஞ்சு போச்சு, மறுநாள் காலைல போட்ல போய் மிதக்கறதைத் துடுப்பால அடிச்சு முக்கினாங்க, யாரும் அள்ளிட்டுப் போய் குடிச்சிடக் கூடாதுன்னு. டீயைத் தவிர கப்பல்ல வேற எந்த சாமானையும் தொடல.

கேள்வி: அப்பவே விடுதலை வேணும்னு முடிவு பண்ணிட்டாங்களா? – ஆட்டோ ஓட்டுநர், கோயம்புத்தூர்

பதில்: இல்லங்க, இன்னும் ரெண்டரை வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் சண்டையெல்லாம் பார்லிமெண்ட் கூடத்தான், ராஜா மூணாம் ஜார்ஜ் நல்லவரு, மந்திரிங்கதான் கெடுக்கறாங்கன்னு நம்பினாங்க.

1774ல டீக்குத் தண்டனையா பாஸ்டன் துறைமுகத்தை மூடினாங்க, ஊர்க் கூட்டத்தை வருஷத்துக்கு ஒரு தடவைன்னு கட்டுப்படுத்தினாங்க, மாசசூசெட்ஸ் மேல்சபையை ராஜாவே நியமிப்பாருன்னாங்க. பாஸ்டனை மட்டும் தனியா பிரிச்சு அடிச்சா மத்தவங்க ஒதுங்கிடுவாங்கன்னு லண்டன் போட்ட கணக்கு தப்பாப் போச்சு. தென் கரோலினாவுல இருந்து அரிசி வந்துச்சு, கனெக்டிகட்ல இருந்து ஒருத்தர் செம்மறி ஆட்டு மந்தையை பாஸ்டன் வரைக்கும் ஓட்டிட்டே வந்தாரு. செப்டம்பர்ல பிலடெல்பியாவுல 12 காலனிகள் சேர்ந்து காங்கிரஸ்ங்கற பொது சபையைக் கூட்டினாங்க. 1775 ஏப்ரல் 19, பாஸ்டன் பக்கத்துல கான்கார்ட்ல இருந்த ஆயுதங்களைப் பிடிக்கப் போன பட்டாளத்தை லெக்சிங்டன்ல ஊர்ப்படை மறிச்சுச்சு, ஊர்ப்படைல எட்டு பேர் செத்தாங்க, திரும்பற வழியெல்லாம் பட்டாளத்துக்கு மரத்துக்குப் பின்னாடி, சுவத்துக்குப் பின்னாடி இருந்து சூடு.

அப்பவும் ஜூலைல ராஜாவுக்கு சமாதான மனு அனுப்பினாங்க. அவர் வாங்கிப் படிக்கல, ஆகஸ்ட்ல இவங்களை கலகக்காரங்கன்னு அறிவிச்சாரு, டிசம்பர்ல மொத்த வியாபாரத்தையும் தடை பண்ணி கப்பல்களைப் பறிமுதல் பண்ண சட்டம் வந்துச்சு, ஜெர்மன் கூலிப்படையை வாடகைக்கு எடுத்து அனுப்பறாங்கன்னும் சேதி வந்துச்சு. 1776 ஜனவரில தாமஸ் பெய்ன், இங்கிலாந்துல இருந்து வந்தே ஒண்ணேகால் வருஷம்தான் ஆகியிருக்கும், ஒரு சின்ன புத்தகம் போட்டாரு. நல்ல ராஜா கெட்ட மந்திரின்னு பேசறதை விடுங்க, ராஜா முறையே தப்பு, ஒரு தீவு கண்டத்தை ஆளறது இயற்கைக்கே பொருந்தலன்னு பாமரனுக்குப் புரியற மொழில அடிச்சு சொன்னாரு. அதுவரைக்கும் மனசுக்குள்ள இருந்ததை ஜனங்க வாய்விட்டுப் பேச ஆரம்பிச்சது அதுக்கு அப்புறம்தான்.

கேள்வி: எல்லா மனுஷனும் சமம்னு எழுதினவங்க அடிமை வச்சிருந்தாங்களே, இது எப்படி விடுதலைப் போராட்டம்? – ஆசிரியை, விழுப்புரம்

பதில்: இந்தக் கேள்வி வராட்டி நானே எழுதியிருப்பேன் டீச்சர். அப்ப 25 லட்சம் ஜனத்தொகைல அஞ்சுல ஒரு பங்கு கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைங்க. 1776ல பிரிட்டனை விட்டுப் பிரியறோம்னு அறிவிச்ச விடுதலைப் பிரகடனத்தை எழுதின ஜெபர்சனே நூத்துக்கணக்கான அடிமைகளோட சொந்தக்காரர். அடிமை வியாபாரத்தைக் கண்டிச்சு, அந்தப் பழியை ராஜா மேல போட்டு ஒரு பத்தி எழுதியிருந்தாரு, தென் கரோலினாவும் ஜார்ஜியாவும் ஒத்துக்கலன்னு அதையும் எடுத்துட்டாங்க. 1775 நவம்பர்ல வர்ஜீனியாவோட பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர், கலகக்காரங்களோட அடிமைங்க எங்க பக்கம் வந்து சண்டை போட்டா விடுதலைன்னு அறிவிச்சாரு, நூத்துக்கணக்கானவங்க ஓடிப்போய் சேர்ந்தாங்க, அது தெற்கத்தி பண்ணை முதலாளிங்களைப் பிரிவினை பக்கம் இன்னும் வேகமா தள்ளுச்சு. அந்த அடிமைக்கு சுதந்திரம் பிரிட்டிஷ் கோட்டு போட்டுத்தான் வந்துச்சு. பூர்வகுடி மக்களுக்கும் அப்படித்தான், மலைக்கு மேற்கே போகாதேன்னு ராஜா போட்ட கோடு அவங்களுக்கு இருந்த ஒரு பாதுகாப்பு, அது போனதும் நிலமும் போச்சு. வரிப் பிரச்சனைல குடியேறினவங்க பக்கம் நியாயம் இருக்குன்னு மேல எழுதினேன், அதை மாத்திக்கல, அந்த நியாயத்தை அவங்க அடுத்தவனுக்குக் குடுக்க மறுத்ததும் அதே அளவுக்கு உண்மை.

கேள்வி: எல்லாருமே பிரியணும்னுதான் நெனச்சாங்களா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இல்ல. ராஜா பக்கமே நின்னவங்க அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் இருப்பாங்கன்னு வரலாற்று ஆசிரியர்கள் கணிக்கறாங்க, சண்டை முடிஞ்சதும் சுமார் 60,000 பேர் கனடாவுக்கும் பிரிட்டனுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போயிட்டாங்க. வீடு, நிலம் பறிமுதல் ஆச்சு, தார் பூசி இறகு ஒட்டி தெருவுல இழுத்துட்டுப் போனதும் நடந்துச்சு.

பெஞ்சமின் பிராங்க்ளின் வீட்டையே பாருங்க. பட்டம் விட்டு மின்னலை ஆராய்ஞ்சப்ப கூட நின்ன மகன் வில்லியம், நியூ ஜெர்சியோட ராஜா நியமிச்ச கவர்னர். அப்பா பிரகடனத்துல கையெழுத்துப் போட்ட அதே வருஷம் மகனைக் கைது பண்ணி சிறை வச்சாங்க. 1785ல இங்கிலாந்துல சவுத்ஹாம்ப்டன்ல கொஞ்ச நாள் பாத்துக்கிட்டாங்க, கணக்கு வழக்கைத் தீர்க்கத்தான். மனசு ஒட்டல. சண்டைல எனக்கு எதிரா நடந்துக்கிட்டான்னு உயில்லயே எழுதி, மகனுக்கு சொத்துல பெருசா எதுவும் வைக்கல.

கேள்வி: அமெரிக்க விடுதலைப் போருக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? – வாசகர், கடலூர்

பதில்: உங்க ஊர்லயேதான் இருக்கு! 1778ல பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததும் சண்டை உலகம் பூரா பரவுச்சு. அந்த வருஷம் அக்டோபர்ல பிரிட்டிஷ்காரங்க புதுச்சேரியைப் பிடிச்சாங்க, அடுத்த வருஷம் மாஹே. அங்க இருந்துதான் ஹைதர் அலிக்கு பிரெஞ்சு ஆயுதம் வந்துட்டு இருந்துச்சு, அவர் 1780ல கர்நாடகத்துக்குள்ள (இன்னிக்கு இருக்கற மாநிலம் இல்ல, ஆற்காடு நவாப் ஆண்ட நம்ம பக்கத்துச் சீமை) இறங்கி செப்டம்பர்ல காஞ்சிபுரம் பக்கத்துல பொல்லிலூர்ல கம்பெனிப் படையை நொறுக்கினாரு. அந்தப் பேர் அட்லாண்டிக் தாண்டியும் போச்சு, 1782ல பென்சில்வேனியாக்காரங்க ஒரு போர்க்கப்பலுக்கு ஹைதர் அலி பேரை வச்சாங்க. 1783 ஜூன்ல பிரிட்டிஷ் படை கடலூரை முற்றுகை போட்டுச்சு, கடல்ல பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரான் மோதினாரு. ஐரோப்பாவுல ஜனவரிலயே சமாதான முன்வரைவுல கையெழுத்து ஆயிடுச்சு, சேதி கப்பல்ல வந்து சேர ஜூன் கடைசி ஆச்சு, அதுக்குள்ள உங்க ஊர் மண்ணுல ஆயிரக்கணக்கானவங்க செத்தும் காயம்பட்டும் விழுந்துட்டாங்க. அமெரிக்காவுல யார்க்டவுன்ல 1781ல சரணடைஞ்ச பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் 1786ல இங்க கவர்னர் ஜெனரலா வந்து, 1792ல திப்புவோட பாதி நாட்டை வாங்கிக்கிட்டுத்தான் சமாதானத்துக்கு ஒத்துக்கிட்டாரு.

கேள்வி: ஜூலை 4ஆம் தேதிதான் அமெரிக்கா விடுதலை ஆன நாளா? – வாசகி, கோலாலம்பூர்

பதில்: பிரியறதுன்னு காங்கிரஸ் ஓட்டுப் போட்டது 1776 ஜூலை 2. இனிமே வருஷா வருஷம் ஜூலை 2ஐத்தான் கொண்டாடுவாங்கன்னு ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு லெட்டர்கூட எழுதிட்டாரு. பிரகடனத்தோட வாசகத்தை ஏத்துக்கிட்டது 4ஆம் தேதி, பெரும்பாலானவங்க கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2ஆம் தேதி. பிரிட்டன் பாரிஸ் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது 1783 செப்டம்பர் 3.